முடி எங்கே போய் நிற்கும் என்று தெரியாமல் கத்தரி எடுக்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேர்வு முடிவுகள் வெளியாகும் மாதங்களில் அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராம்புரம், ஆஸ்டின் டவுன், லிங்கராஜபுரம் என்று பெங்களூருவில் தமிழர்கள் நெருங்கி வாழும் தெருக்களில் ஒரே மாதிரியான நோட்டீசுகள் ஒட்டப்படுகின்றன. பத்து நாளில் முடிவெட்டக் கற்கலாம், பதினைந்து நாளில் சான்றிதழ், சேர்ந்த வாரமே ஃபேட் (கீழே ஒட்ட வெட்டி, மேலே போகப் போக முடி படிப்படியாக நீளும் வெட்டு). கடன் வாங்கியாவது பிள்ளையைச் சேர்த்துவிடலாமா என்று யோசிக்கும் குடும்பங்கள் பல. பணம் கட்டும் முன் இந்தத் தொழிலின் அடிப்படை எது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொல்லும் கடமை கற்பிக்கிறவர்களுக்கு உண்டு. அதற்காகவே இந்தக் கடிதம். நீளத்தைப் பொறுத்தருள வேண்டும்.

இந்தக் குறுகிய வகுப்புகளில் கற்பிக்கப்படுவது மாதிரிகள் மட்டுமே. ஐந்தாறு கட்டிங்குகளை மாணவர் மனப்பாடம் செய்துகொண்டு வெளியே வருகிறார். பயிற்சியில் பார்த்த தலையைப் போலவே ஒரு தலை வந்து நாற்காலியில் உட்கார்ந்தால் பிழைத்தார். பின்மண்டை தட்டையாக இருந்தாலோ, உச்சியில் இரட்டைச் சுழி இருந்தாலோ, சுருட்டை முடியாக இருந்தாலோ கை நின்றுவிடுகிறது. பழைய கடைகளில் சேர்ந்த பையன் தரை கூட்டுவான், துண்டு அலசுவான், மாதக்கணக்கில் பக்கத்தில் நின்று பார்ப்பான். அதில் வீணான காலமும் உண்டு, அவமானமும் உண்டு. ஆனாலும் நூற்றுக்கணக்கான தலைகளைப் பார்த்த கண் அவனுக்கு வாய்த்துவிடும். பத்து நாள் வகுப்பு அந்தக் கண்ணைத் தருவதில்லை. அதற்கு மாற்றாக இருக்க வேண்டிய கணக்கையும் தருவதில்லை.

அந்தக் கணக்கு இதுதான்: பிடித்து வெட்டிய முடியை விட்டதும் அது எங்கே போய் நிற்கும் என்பதை வெட்டுவதற்கு முன்பே அறிந்திருப்பது. கத்தரி பிடிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். லண்டனில் விடால் சசூன் என்ற முடிதிருத்துநர் 1960களில் புகழ்பெற்றது இதே கணக்கை வைத்துத்தான். சுருள் மாட்டியும் ஸ்பிரே அடித்தும் முடியை நிறுத்திவைத்த காலத்தில், தலை எலும்பின் வடிவத்துக்கு ஏற்பக் கோணம் பார்த்து வெட்டினால் முடி தானாகவே வடிவத்தில் விழும் என்று அவர் செய்து காட்டினார்.

ஆகவே முதல் பாடம் தலையைத் தொட்டு அறிவது. இதற்கு ஒரு சீப்பு போதும். சீப்பை உச்சந்தலை மேல் படுக்க வைத்தால் அது தொடும் இடம்தான் தலையின் மிக உயர்ந்த புள்ளி. அதற்குப் பின்னால் முடி தானாகப் பின்பக்கம் இறங்கும், முன்னால் நெற்றிப் பக்கம் சாயும். அடுத்து, சீப்பைக் காதுக்கு மேலே பக்கவாட்டில் ஒட்டி நிறுத்துங்கள். எந்த இடத்தில் தலை வளைந்து சீப்பை விட்டு விலகுகிறதோ அதுதான் மேல்தலைக்கும் பக்கத்துக்கும் நடுவிலுள்ள விளிம்பு. கடைசியாகப் பின்கழுத்திலிருந்து மேலே விரலை ஓட்டினால் ஒரு மேடு தட்டுப்படும். அது பின்மண்டை எலும்பு. இந்த மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுக் காட்டத் தெரியாத மாணவர் கையில் கத்தரி கொடுக்கக் கூடாது. பக்கவாட்டு விளிம்புக்குக் கீழே உள்ள முடி தொங்குகிறது, மேலே உள்ள முடி தலைமேல் படுக்கிறது. விளிம்புக்கு மேலே மெஷினை ஏற்றிவிட்டால் படுக்க வேண்டிய முடி குத்திட்டு நிற்கும், தலை உருண்டையாகிவிடும். ‘மீடியம்’ கேட்டவர் கண்ணாடியைப் பார்த்து முகம் சுளிப்பது பெரும்பாலும் இந்த ஒரு தவறால்தான்.

‘மீடியம்’ என்ற சொல்லையே நம்பக் கூடாது. ஒருவருக்கு மீடியம் என்றால் காதுக்கு மேல் ஒரு விரல், இன்னொருவருக்கு நான்கு விரல். ‘ஒரு இஞ்ச் குறைங்க’ என்பவரிடமும் அந்த ஒரு இஞ்ச்சை அவர் முடியிலேயே விரலால் பிடித்துக் காட்டி, சரி என்று தலையசைத்த பிறகே தொட வேண்டும். தலை மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்றேகால் செ.மீ. முடியைத்தான் திருப்பித் தரும். தவறிக் குறைத்த 5 செ.மீ. திரும்பிவர நான்கு மாதம். தண்ணீர் தெளிக்கும் முன் உலர்ந்த தலையை ஒரு நிமிடமாவது பார்க்க வேண்டும். சுழி எந்தப் பக்கம் சுற்றுகிறது, பிடரி முடி மேல்நோக்கி வளர்கிறதா, தழும்பு எங்கே என்பதெல்லாம் நனைத்த பிறகு மறைந்துவிடும். சுழியைச் சுற்றிக் கட்டையாக வெட்டினால் முடி எழும்பி நிற்கும். சற்று நீளம் விட்டால் தன் எடையிலேயே படுக்கும்.

நனைந்த முடி ரப்பர் போல இழுபடும். ஆரோக்கியமான முடி ஈரத்தில் தன் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு வரைகூட நீளும், உலர்ந்ததும் பழைய அளவுக்கு ஏறும். நெற்றி முடியை நனைத்து, இறுக்கி இழுத்து, புருவத்தின் மட்டத்தில் வெட்டினால் அது உலர்ந்து நடு நெற்றியில் போய் நிற்கும். சுருட்டை முடி அதைவிட மேலே ஓடும். நெற்றி முடியை விரலால் பிடிக்காமல், சீப்பால் வாரித் தொங்கவிட்டபடி, வேண்டிய மட்டத்துக்குக் கீழேயே முதலில் வெட்டி, உலர்ந்த பிறகு திருத்துவதே முறை. காதுக்கு மேலே வருவதும் இதே சிக்கல். காது மடல் முடியை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. அங்கே முடியை இழுத்துப் பிடித்து நேர்க்கோட்டில் வெட்டினால், விட்டதும் காதுக்கு நேரே ஒரு குழி தெரியும். அந்த இடத்தில் மட்டும் சீப்பின் அகலப் பல்லால் வாரி, இழுக்காமல் வெட்ட வேண்டும்.

இனி கத்தரி. பழக 5.5 அங்குலம் போதும், சீப்பின் மேல் வைத்து வெட்டும் வேலைக்கு 7 அங்குலம் வசதி. மோதிர விரல் ஒரு வளையத்தில், சுண்டுவிரல் அதன் வாலில். கட்டைவிரலின் நுனி மட்டும், நகம் மறையும் அளவுக்கு, மற்ற வளையத்தில். ஒரு அலகு அசையாமல் நிற்க வேண்டும், கட்டைவிரலோடு சேர்ந்த அலகு மட்டுமே அசைய வேண்டும். கட்டைவிரலை முழுதும் உள்ளே விட்டவருக்கு இரண்டு அலகுகளும் ஆடும், வெட்டிய கோடும் ஆடும். முதல் வாரம் முடியே இல்லாமல், மேசை விளிம்பில் அசையா அலகை ஒட்டிவைத்துத் திறந்து மூடிப் பழகுவது மாணவருக்குச் சலிப்பாக இருக்கும். ஆனால் அந்த ஒரு வாரத்தைத் தாண்டிப் போகும் குறுக்கு வழி எதுவும் இல்லை. வாரும்போது கட்டைவிரலை எடுத்துக் கத்தரியை மூடி உள்ளங்கையில் அடக்கிக்கொள்வதும் அந்த வாரத்திலேயே கைவர வேண்டும். திறந்த கத்தரியோடு வாரும் கை ஒருநாள் வாடிக்கையாளரின் காதைக் கிழிக்கும்.

கத்தரியின் இறுக்கத்தைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஒரு வளையத்தைப் பிடித்துக்கொண்டு மற்ற அலகை நேர்க்கோணத்துக்குத் தூக்கி விடுங்கள். பாதி வழி இறங்கி நின்றால் சரி. முழுதும் மூடிக்கொண்டால் திருகு தளர்ந்திருக்கிறது, முடி அறுபடாமல் அலகுகளுக்கு நடுவே மடியும். அசையாமல் நின்றால் மிக இறுக்கம், நாளெல்லாம் வெட்டினால் கட்டைவிரல் அடி வலிக்கும். நல்ல கத்தரியைத் தெருவில் சாணை பிடிப்பவரிடம் கொடுப்பதைத் தவிர்க்க வேண்டும். அவர் வேலையில் குறை ஒன்றும் இல்லை. காய்கறிக் கத்திக்கான கல் அது. முடிக் கத்தரியின் உட்குழிவையும் வெளிவளைவையும் அது தேய்த்துவிடும், சூடேறினால் எஃகின் பதமும் போய்விடும்.

அடுத்தது பிரிப்பது. நெற்றி நடுவிலிருந்து பிடரி நடுவரை ஒரு வகிடு, ஒரு காதின் பின்புறமிருந்து உச்சி வழியாக மறு காதுவரை இன்னொரு வகிடு. நான்கு பகுதிகள், நான்கு கிளிப்புகள். ஒவ்வொரு பகுதியிலும் ஒரு செ.மீ., மிஞ்சினால் ஒன்றரை செ.மீ. கனத்துக்கு மட்டுமே முடியை இறக்கி வெட்ட வேண்டும். முதலில் வெட்டிய இழைதான் அடுத்த இழைக்கு அளவுகோல். எடுத்த கற்றை மெல்லியதாக இருந்தால் அளவுகோல் அதன் ஊடே தெரியும். நேரத்தை மிச்சப்படுத்தக் கைநிறைய அள்ளினால் அளவுகோல் மறைந்துவிடும், பிறகு வெட்டுவது வெறும் யூகம். ‘கடைசியில் சரிசெய்துகொள்ளலாம்’ என்று அதையே திருத்தித் திருத்திக் குறைப்பவர்தான் தோள்வரை கேட்டவருக்குக் காதுவரை கொடுத்து அனுப்புகிறார். விரலிடுக்கில் பிடித்த கற்றையையும் ஆள்காட்டி விரலின் இரண்டாம் கணுவரை மட்டுமே வெட்ட வேண்டும். அதற்கு மேல் விரல்கள் ஒட்டாது, முடி நழுவும், கோடு கோணும். சதையும் வெட்டுப்படும்.

எல்லாவற்றிலும் முக்கியமான, எல்லா இடத்திலும் அவசரமாகத் தாண்டப்படும் பாடம், முடியைத் தூக்கும் கோணம். ‘எலிவேஷன்’ என்ற சொல்லை எல்லா மாணவர்களும் சொல்கிறார்கள். பொருள் கேட்டால் பலர் விழிக்கிறார்கள். முடியைத் தூக்காமல் கீழே தொங்கவிட்டு வெட்டினால், எந்த உயரத்திலிருந்து வந்த முடியும் ஒரே கோட்டில் வந்து நிற்கும். கனம் முழுதும் அந்தக் கோட்டில் சேரும். தாடை மட்டத்தில் ஒரே கோடாக வெட்டிய ‘பாப்’ அப்படித்தான் இருக்கும். 90 டிகிரிக்குத் தூக்கி, எல்லா இடத்திலும் 10 செ.மீ. என்று வெட்டினால், ஒவ்வொரு முடியும் தான் முளைத்த இடத்திலிருந்து 10 செ.மீ. மட்டுமே இறங்கும். உச்சி முடி உச்சிக்கு அருகிலும் பிடரி முடி பிடரியிலும் நிற்கும். கோடு இருக்காது, கனம் தலை முழுதும் பரவும். இதுதான் லேயர். இரண்டுக்கும் நடுவே 45 டிகிரியில், மேல் முடி கீழ் முடியைவிடக் கொஞ்சம் மேலே நின்று, படிப்படியாக ஆப்பு வடிவில் கனம் அடுக்கும். தட்டையான பின்மண்டைக்கு உருண்டை வடிவம் கொடுக்க வேண்டுமானால் இந்த அடுக்கைப் பின்மண்டை மேட்டுக்கு நேரே சேர்க்க வேண்டும். மேடு ஏற்கெனவே புடைத்திருப்பவருக்கு அங்கே அடுக்கினால் தலை பின்னால் தள்ளிக்கொண்டு தெரியும்.

இதில் மாணவர்கள் செய்யும் பெரிய தவறு, 90 டிகிரியைத் தரையிலிருந்து அளப்பது. தலை ஒரு பந்து. அந்தந்தப் புள்ளியில் தோலுக்கு நேர்குத்தாக நிற்பதுதான் அங்கே 90 டிகிரி. உச்சியில் அது கூரையைப் பார்க்கும், காதுக்கு மேலே சுவரைப் பார்க்கும், பிடரியில் சற்றுக் கீழே சாய்ந்து தரையைப் பார்க்கும். கையை ஒரே உயரத்தில் வைத்துக்கொண்டே தலையைச் சுற்றி வருகிறவர், தனக்குத் தெரியாமலே மூன்று வெவ்வேறு கோணங்களில் வெட்டுகிறார்.

அதன் உடன்பிறப்பு இன்னொரு தவறு, நின்ற இடத்திலிருந்தே முடியைத் தன் பக்கம் இழுத்து வெட்டுவது. இழுத்த முடி தன் இடத்துக்குத் திரும்ப அதிக தூரம் போக வேண்டும், ஆகவே அது நீளமாக முடியும். வலக்கைப் பழக்கமுள்ளவர்களுக்கு ஒரு பக்கம் சரியாகவும் மறுபக்கம் நீளமாகவும் வருவது இதனால்தான். கையை நீட்டாமல் காலை நகர்த்த வேண்டும். வெட்டும் கற்றைக்கு நேர் எதிரே மார்பு இருக்க வேண்டும். நாற்காலியின் உயரத்தையும் வெட்டும் இடம் முழங்கையின் மட்டத்துக்கு வருமாறு ஏற்றி இறக்க வேண்டும். தோளைத் தூக்கியபடி நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு தலை வெட்டுகிறவரின் கழுத்தும் மணிக்கட்டும் நெடுநாள் தாங்காது. வாடிக்கையாளர் கால்மேல் கால் போட்டிருந்தால் இடுப்பு சாயும், ஒரு தோள் இறங்கும், தோளை வைத்துப் பார்த்து வெட்டிய கோடு அவர் எழுந்து நின்றதும் கோணலாகத் தெரியும். ‘காலை இறக்கி வச்சுக்குங்க’ என்று பணிவாகச் சொல்வதும் பாடத்தில் ஒன்று.

வெட்டி முடித்ததும் எதிர்த்திசையில் பிரித்துச் சரிபார்க்க வேண்டும். நெட்டு வகிடு எடுத்து வெட்டியிருந்தால் கிடை வகிடு எடுத்துப் பார்க்க வேண்டும். மறைந்திருந்த முனைகள் அப்போதுதான் நீட்டிக்கொண்டு தெரியும். இரு பக்கமும் சமமா என்று பார்க்க, முன்னால் நின்று இரு காதோரத்திலிருந்தும் ஒவ்வொரு கற்றையைத் தாடைவரை இழுத்து ஒப்பிட வேண்டும். முடியின் அடர்த்தியைக் குறைக்கும் பல்கத்தரியை வேரிலிருந்து 4–5 செ.மீ. தள்ளித்தான் போட வேண்டும். வேரருகே வெட்டிய குட்டி முடிகள் வளரத் தொடங்கியதும் மேல் முடியைக் குத்தித் தூக்கும். ‘முடி அடங்கவே மாட்டேங்குது’ என்று அடுத்த மாதம் வருகிறவரின் தலையில் மறுபடியும் அதையே போட்டால் நிலைமை இன்னும் மோசமாகும்.

மெஷின் வேலைக்குத்தான் இன்று அதிகக் கிராக்கி. எண்களின் பொருளை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். மெஷினில் மாட்டும் சீப்பு போன்ற மூடிதான் கார்டு. அரை நம்பர் கார்டு என்பது 1.5 மி.மீ., ஒன்று 3 மி.மீ., ஒன்றரை 4.5 மி.மீ., இரண்டு 6 மி.மீ., மூன்று 10 மி.மீ., நான்கு 13 மி.மீ. பக்கத்திலுள்ள நெம்புகோலைத் திறந்தால் ஏறக்குறைய அரை நம்பர் நீளம் கூடும். கம்பெனிக்குக் கம்பெனி சிறு வேறுபாடு இருக்கும் என்பதால் புது மெஷினைப் பயிற்சித் தலையில் போட்டுப் பார்த்த பிறகே மனிதத் தலைக்குக் கொண்டுவர வேண்டும். ஃபேட் என்பது இருளிலிருந்து வெளிச்சத்துக்கு நிறம் போடுவது போன்றது. கீழே கார்டு இல்லாமல் நெம்புகோலைத் திறந்து ஒரு கோடு. அதற்கு மேல் இரண்டு விரல் அகலத்துக்கு ஒன்றாம் நம்பர், திறந்த நிலையில். அதற்கு மேல் இரண்டு. இந்தப் பட்டைகளுக்கு இடையில் தெரியும் கோடுகளை இடைப்பட்ட அளவுகளால் அழிக்க வேண்டும்: ஒன்றை மூடிவைத்து, பிறகு அரையைத் திறந்து, பிறகு மூடி. ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் மணிக்கட்டைத் திருப்பி மெஷினைத் தலையிலிருந்து வெளியே எடுக்க வேண்டும், கரண்டியால் அள்ளுவதுபோல. தலையின் வளைவோடு ஒட்டியே மேலே ஓட்டினால் அங்கே படிக்கட்டு விழும்.

பின்மண்டை மேட்டுக்குக் கீழே இயல்பாகவே ஒரு பள்ளம் உண்டு. அந்தப் பள்ளத்தில் நிழல் விழுந்து முடி கருப்பாகத் தெரியும். நீளம் கூடுதலாக இருக்கிறது என்று நினைத்துச் சிறிய நம்பரால் அதைத் துரத்தினால் வெளிச்சத்தில் சொட்டையாகத் தெரியும். விளக்கின் திசையை மாற்றியோ, வாடிக்கையாளரின் தலையைச் சற்றுத் திருப்பியோ பார்த்தால் நிழலா முடியா என்பது விளங்கிவிடும். பிளேடில் இரண்டு மூன்று சொட்டு எண்ணெய் இல்லாமல் ஓட்டினால் சூடேறும், முடியைக் கடித்து இழுக்கும். ஓடும் பிளேடின் பல் நிற்கும் பிளேடின் பல்லுக்குச் சற்றேனும் பின்னால் இருக்க வேண்டும். ‘ஜீரோ கேப்’ என்று இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவது புதியவர் கையில் தோலைக் கிழிக்கும். சீப்பின் மேல் கத்தரி வைத்து வெட்டும் வித்தையை மெஷின் தெரிந்துவிட்டது என்பதற்காக விட்டுவிடக் கூடாது. சீப்பு நிற்காமல் ஒரே வேகத்தில் மேலே ஏற வேண்டும், அசையா அலகு சீப்புக்கு இணையாக ஏற வேண்டும். சீப்பு நின்று கத்தரி ஓடிய இடத்தில்தான் படி விழுகிறது.

சுத்தம் பற்றிச் சொல்வதில் சமரசத்துக்கே இடமில்லை. ஹெபடைடிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே, உலர்ந்த ரத்தத்தில்கூட, குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. ஆகியவையும் ரத்தத்தால் பரவுபவை. பிளேடு ஆளுக்கு ஒன்று, அதுவும் வாடிக்கையாளர் கண்ணெதிரே உறை பிரித்து. பாதியாக உடைத்த பிளேடானாலும் ஒருவருக்குப் போட்ட பாதியை இன்னொருவருக்குப் போடக் கூடாது. இதைப் பெரும்பாலான கடைகள் இன்று செய்கின்றன, பாராட்ட வேண்டும். ஆனால் அதே கடைகளில் ஒரே படிகாரக் கட்டி காலையிலிருந்து இரவுவரை எல்லோர் தாடையிலும் உருளுகிறது. வெட்டுக்காயத்தில் தேய்த்த கட்டியை இன்னொருவர் காயத்தில் தேய்ப்பது பிளேடை மாற்றியதன் பயனையே கெடுக்கிறது. படிகாரத் தூளைத் தண்ணீரில் கரைத்துப் பஞ்சில் தொட்டு, பஞ்சைத் தூக்கிப் போட்டுவிடலாம். பெரிய செலவு இல்லை.

மெஷினாலும் சீப்பாலும் பரவுவது படர்தாமரையும் பேனும். சீப்புகளை முதலில் சோப்பு நீரில் தேய்த்து முடியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் நீக்க வேண்டும். அழுக்கின் அடியில் எந்த மருந்தும் வேலை செய்யாது. பிறகு, கடையில் கிடைக்கும் 5 சதவீத பிளீச்சில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்து, 10 நிமிடம் முழுக ஊறவைத்து, அலசி உலர்த்த வேண்டும். கரைசலைத் தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். கத்தரியையும் மெஷின் பிளேடையும் பிளீச் அரித்துவிடும், அவற்றுக்கு 70 சதவீத ஆல்கஹால். தெளித்த உடனே துடைப்பதால் பயனில்லை, தானாக உலர விட வேண்டும். நீல விளக்குப் பெட்டியில் வைத்துவிட்டால் எல்லாம் சுத்தமாகிவிடும் என்று பல கடைகளில் நம்புகிறார்கள். அந்த ஒளி படும் பக்கத்தில் மட்டுமே வேலை செய்யும். அழுக்குச் சீப்பின் பல்லிடுக்கு அப்படியேதான் இருக்கும். சுத்தம் செய்ததைப் பத்திரமாக வைக்க மட்டும் அந்தப் பெட்டி பயன்படும். இந்நகரில் போர்வெல் தண்ணீர் பயன்படுத்தும் கடைகள், தெளிக்கும் பாட்டிலில் மட்டுமாவது வடிகட்டிய நீர் வைக்கலாம். உப்பு படிந்தால் பாட்டிலின் துளை அடைக்கும், முடியும் விறைத்துச் சீப்பில் சிக்கும்.

கழுத்தைச் சொடுக்கெடுப்பதை எந்தப் பயிற்சி மையமும் கற்பிக்கக் கூடாது, எந்தக் கடையும் செய்யக் கூடாது. சட்டென்று திருப்பும்போது கழுத்தெலும்பு வழியே மூளைக்குப் போகும் தமனியின் உட்சுவர் கிழியலாம். அங்கே உறையும் ரத்தம் பக்கவாதத்தில் கொண்டுபோய் விடும். கேட்டு வாங்கிக்கொள்ளும் வாடிக்கையாளரிடமும் மறுத்துவிட வேண்டும்.

இவ்வளவையும் பத்து நாளில் யாராலும் கற்றுக்கொள்ள முடியாது. தினம் மூன்று நான்கு மணி நேரம் கைப்பயிற்சி இருந்தால் மூன்று மாதத்தில் அடிப்படை வரும் என்பதே எங்கள் கருத்து. பயிற்சித் தலைகளுக்குச் செலவாகும் என்று மையங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரே தலையில் முதலில் நீளமான நேர்க்கோடு, பிறகு தோள்வரை, பிறகு 45 டிகிரி அடுக்கு, பிறகு லேயர், கடைசியில் சீப்பின் மேல் கத்தரி என்று ஐந்து பாடம் நடத்தலாம். தலை மட்டும் உண்மையான மனித முடியாக இருக்க வேண்டும். செயற்கை முடி டிரையர் சூட்டில் உருகும், நனைத்தாலும் மனித முடி போல நீளாது. அதே சமயம் பொம்மைக்குச் சுழி கிடையாது, காது மடங்காது, அது கழுத்தைத் திருப்பாது. அதனால் இரண்டாம் மாதத்திலிருந்தே பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க உயிருள்ள தலைகள் வேண்டும்.

அரசு வழிகளும் உண்டு. ஐ.டி.ஐ.களில் அழகுக்கலைக்கு ஓராண்டுப் படிப்பு இருக்கிறது. 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கிய பிரதமரின் விஸ்வகர்மா திட்டத்தில் உள்ள 18 தொழில்களில் முடிதிருத்துதலும் ஒன்று. அடிப்படைப் பயிற்சி 5 முதல் 7 நாள், மேற்பயிற்சி 15 நாள், பயிற்சி நாளுக்கு 500 ரூபாய் உதவித்தொகை, கருவிகளுக்கு 15,000 ரூபாய், 5 சதவீத வட்டியில் முதல் தவணையாக ஒரு லட்சம் வரை கடன். பதிவு திறந்திருக்கிறதா என்பதைப் பொதுச் சேவை மையத்தில் கேட்டறியலாம். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், குடும்பத்துக்கு ஒருவர் மட்டுமே. ஏற்கெனவே சுயமாக இந்தத் தொழிலைச் செய்துகொண்டிருப்பவருக்கான திட்டம் இது என்பதை மறக்கக் கூடாது. ‘இதில் சேர்த்துவிடுகிறோம்’ என்று புதிதாகக் கற்க வருகிறவரிடம் பணம் கேட்டால் எச்சரிக்கையாக இருங்கள்.

தலைமுறையாக இந்தத் தொழிலில் இருக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் வெளியே சொல்லத் தயங்குகிறார்கள். வெட்கப்பட வேண்டியவர்கள் இழிவாகப் பேசியவர்களே, அந்தப் பிள்ளைகள் அல்ல. அவர்கள் வீட்டுப் பெரியவர்களின் கைக்குத் தெரிந்தது ஏராளம். அதைச் சொல்லிக்கொடுக்கும் சொற்கள்தான் இல்லை. இங்கே வகுப்புகள் ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் இந்தியிலும் நடக்கின்றன. தமிழில் புரிந்துகொண்டால் அந்தக் கலைச்சொற்கள் எந்த மொழியிலும் பிறகு கைகொடுக்கும். இந்நகரின் சலூன்கள் பலவற்றுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் போன்ற அமைப்புகள் செவ்வாய்தோறும் ஓர் அறையும் நல்ல வெளிச்சமும் கொடுத்தால், மூத்த தொழிலாளர்களும் புதியவர்களும் சேர்ந்து பழக முடியும். கற்பிக்க ஆட்கள் கிடைப்பார்கள்.

பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். சுவரில் மாட்டிய சான்றிதழ்களையும் போனில் காட்டும் படங்களையும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். அங்கே பயிலும் மாணவர் வெட்டிய பயிற்சித் தலை ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். முடியை நனைத்து நேராகக் கீழே வாரிவிட்டு முனைக்கோட்டைப் பாருங்கள். பிறகு பின்மண்டையில் விரல் கனத்துக்கு ஒரு நெட்டுக் கற்றையை எடுத்து நேராகத் தூக்குங்கள். முனைகள் ஒரே கோட்டிலோ சீரான சாய்விலோ இருந்தால் அங்கே கோணம் கற்பிக்கிறார்கள். ரம்பப் பல் போல ஏறி இறங்கினால் பணத்தைக் கட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
முடிதிருத்தும் பயிற்சியாளர்கள் இருவர்
அல்சூர், பெங்களூரு